பொது மருத்துவக் காப்பீடும் ஊர் மருந்துக்கடையும்

மருத்துவ வசதி என்றதும் மருத்துவமனைக் கட்டிடங்கள், படுக்கைகள், மருத்துவர்களின் எண்ணிக்கை ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம் முதற்கொண்டு சுகாதாரத் துறையின் வளர்ச்சி பெரும்பாலும் இவ்வளவுகோல்களைக் கொண்டே கணிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும், நோயாளி ஒருவர் ஆண்டில் சில நாட்களே மருத்துவமனையில் தங்குகிறார். எஞ்சிய நாட்களில் அவரது சிகிச்சை வீட்டில்தான் நடைபெறுகிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு நோய் போன்றவற்றால் அவதியுறுவோருக்குச் சிகிச்சை என்பது அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரையே ஆகும். அம்மாத்திரை வீட்டுக்கு அருகில், தாங்கக்கூடிய விலையில், தடையின்றிக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிடில், மருத்துவமனையில் அரசு செலவிட்ட பெருந்தொகையின் பயனும் குன்றிவிடுகிறது.

மக்களின் மருத்துவச் செலவை ஏற்கும் பொதுக் காப்பீட்டுத் திட்டங்கள் நம் நாட்டில் விரிவடைந்து வருகின்றன. இத்திட்டங்களின் கீழ் நோயாளிக்கும் உள்ளூர் மருந்துக்கடைக்கும் உள்ள தொடர்பை எவ்வாறு பாதுகாப்பது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று திட்டங்கள், மூன்று முறைகள்

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் அது செயற்படத் தொடங்கிற்று. தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்துகின்றனர். 2019 ஜூலை முதல் ஊதியத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவிகிதமாகவும், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதமாகவும் நிர்ணயிக்கப்பட்டுள்ளன. புறநோயாளியாக வரும் தொழிலாளிக்கும் மருந்து உண்டு என்பது இத்திட்டத்தின் சிறப்பாகும். சொந்த மருந்தகங்கள் வாயிலாகவும், சில இடங்களில் பட்டியலில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவர்கள் வாயிலாகவும் இது சிகிச்சை வழங்குகிறது.

மத்திய அரசு சுகாதாரத் திட்டம் 1954இல் டில்லியில் தொடங்கப்பட்டது. அரசு ஊழியர்களும் ஓய்வூதியம் பெறுவோரும் இதன் பயனாளிகள். மருத்துவர் எழுதும் மருந்து நிலையத்தில் இருப்பில் இருந்தால் அங்கேயே தரப்படும். இல்லாவிடில், அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் மருந்து வியாபாரியிடமிருந்து அது தருவிக்கப்படும். இவ்வியாபாரிகள் டெண்டர் மூலம் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அதிகபட்சச் சில்லறை விலையில் எவ்வளவு தள்ளுபடி தரப்படும் என்பதே தேர்வில் முதன்மையான கருத்தாகும்.

மூன்றாவதாகிய ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரையிலான மருத்துவமனைச் செலவை இது ஏற்கிறது. சுமார் 12 கோடி ஏழைக் குடும்பங்களைக் குறியாகக் கொண்ட இத்திட்டம், 2024 அக்டோபரில், வருமான வேறுபாடின்றி 70 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்கள், வீடு திரும்பிய பின் 15 நாட்கள் ஆகியவற்றுக்குரிய மருந்தும் இதில் அடங்கும். மருத்துவமனையில் சேராது புறநோயாளியாகப் பெறும் சிகிச்சை இதில் அடங்காது.

பதினாறாம் நாள்

இவ்வரம்பின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாரடைப்பு ஏற்பட்ட கூலித் தொழிலாளி ஒருவர் காப்பீட்டு அட்டையைக் காட்டி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். அடைபட்ட இரத்தக் குழாயை விரிவாக்கி ‘ஸ்டென்ட்’ பொருத்தப்படுகிறது. இச்செலவு முழுவதையும் திட்டம் ஏற்கிறது. ஸ்டென்டினுள் இரத்தம் உறையாதிருக்க இருவகை மாத்திரைகளை ஓராண்டு வரையிலும், அவற்றுள் ஒன்றை அதன் பின்னரும் உட்கொள்ள வேண்டும் என்பது பொதுவான மருத்துவ முறை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் நீண்ட காலம் தேவைப்படும். பதினைந்து நாட்களுக்கு மருந்து கிடைத்துவிடுகிறது. பதினாறாம் நாள் முதல் அவர் தாமே ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும்.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாத்திரை இருப்பின் அவருக்குக் கவலையில்லை. இருப்பில் இல்லாவிடில் அவர் கடைக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி கிடைக்காத வாரத்தில் அவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். உறைதடுப்பு மாத்திரையை இடையில் நிறுத்துவதால் ஸ்டென்ட் அடைபட்டு மீண்டும் மாரடைப்பு நேரும் அபாயம் உண்டு. அவ்வாறு நேர்ந்து அவர் உயிர் தப்பினால், அதே திட்டம் இரண்டாம் முறையும் பெருந்தொகை செலுத்த நேரிடும். மலிவான மாத்திரையை மறுத்துப் பெருஞ்செலவை ஏற்பது பொருளாதார நோக்கிலும் பொருந்தாத செயலாகும்.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தும் பங்கு 2013-14இல் 64.2 சதவிகிதமாக இருந்தது. 2021-22இல் இது 39.4 சதவிகிதமாகக் குறைந்தது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றமே. எனினும் எஞ்சியுள்ள நேரடிச் செலவில் மருந்துகளே பெரும் இனமாக விளங்குகின்றன. மருத்துவமனைச் சிகிச்சையை மட்டும் காக்கும் காப்பீடு இச்சுமையின் பெரும்பகுதியைத் தொடுவதில்லை.

கடை அருகில் இருப்பதன் பொருள்

ஊர் மருந்துக்கடை ஒரு வியாபார நிலையம்தான். ஆயினும் சட்டத்தின் நோக்கில் அது சாதாரணக் கடையன்று. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் அது உரிமம் பெற வேண்டும். 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டத்தின்படி, மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரே வழங்க வேண்டும்.

ஏழை நோயாளிக்கு இக்கடை பல வகையில் உதவுகிறது. ஒரு முழு அட்டை வாங்க இயலாதவருக்கு மூன்று நாட்களுக்கு வேண்டிய மாத்திரைகள் வெட்டித் தரப்படுகின்றன. அறிமுகமானவருக்குக் கடன் கிடைக்கிறது. சுகாதார நிலையம் மூடிய பின்னும் கடை திறந்திருக்கிறது. எந்த மாத்திரையை உணவுக்கு முன் உண்பது, எதனை எதனுடன் சேர்க்கலாகாது என்பதைக் கேட்டறிய அங்கு ஓர் ஆள் இருக்கிறார். பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் செலவிட்டு நகரத்துக்குச் சென்று பெறும் இலவச மருந்து பல சமயங்களில் இலவசமாவதில்லை.

குறைகளும் உண்டு. மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்க, அவர் கடையில் இல்லாத நிலை பல இடங்களில் காணப்படுகிறது. மருத்துவர் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் விற்கப்படுவதும் நாம் அறிந்ததே. ஆகவே உள்ளூர்க் கடையைப் பாதுகாப்பது என்றால் அதன் குறைகளையும் சேர்த்துப் பாதுகாப்பது என்று பொருள் கொள்ளலாகாது. பொதுப் பணம் செல்லும் இடத்தில் ஒழுங்கும் செல்ல வேண்டும்.

ஒரு கணக்கு

கடை ஏன் திட்டத்திலிருந்து விலகுகிறது என்பதை அறிய அதன் வரவு செலவைக் காண வேண்டும். 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கும்போது, சில்லறை வியாபாரியின் கொள்விலை மீது 16 சதவிகிதத்தை அவரது பங்காகக் கணக்கிடுகிறது. வரி நீங்கலாக, ரூ. 100க்கு வாங்கிய மருந்தை அவர் ரூ. 116க்கு விற்கலாம்.

இப்போது அவர் டெண்டரில் 10 சதவிகிதத் தள்ளுபடிக்கு ஒப்புக்கொண்டதாகக் கொள்வோம். ரூ. 116இல் ரூ. 11.60 கழிகிறது. கைக்கு வருவது ரூ. 104.40, மிச்சம் ரூ. 4.40. இதிலிருந்தே வாடகை, மின்சாரம், மருந்தாளுநரின் சம்பளம் ஆகியவற்றை அவர் ஈடு செய்ய வேண்டும். அலுவலகம் பணத்தை ஆறு மாதம் கழித்து அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ரூ. 100க்கு ஆண்டு வட்டி 12 சதவிகிதம் எனில் ஆறு மாத வட்டி ரூ. 6. மிச்சம் மறைந்து ரூ. 1.60 நஷ்டம் ஏற்படுகிறது. அதே பணம் ஒரு மாதத்தில் வந்தால் வட்டி ரூ. 1 மட்டுமே, ரூ. 3.40 மிஞ்சும்.

இக்கணக்கு விளக்கத்துக்காகக் கூறப்பட்டது. நடைமுறையில் உற்பத்தியாளர்கள் தரும் சலுகைகளால் சில மருந்துகளில் வியாபாரிக்கு இதைவிட மிகுதியான பங்கு கிடைப்பதுண்டு. அங்குதான் வேறோர் ஆபத்து தோன்றுகிறது. தள்ளுபடியாலும் தாமதத்தாலும் நெருக்கப்பட்ட வியாபாரி, நோயாளிக்கு உகந்த மருந்தை விடுத்துத் தமக்கு மிகுதியான லாபம் தரும் மருந்தைத் தள்ளிவிட முனைவார். அல்லது “இருப்பில்லை” என்று சொல்லிவிடுவார். பெரிய முதலீடு உள்ள ஓரிரு கடைகள் மட்டும் நீண்ட தாமதத்தைத் தாங்கி நிற்கும். பட்டியலில் பெயர் இருந்தும் சேவை இல்லாத நிலை இவ்வாறே உருவாகிறது. அரசு சேமித்ததாகக் கருதும் தள்ளுபடி, நோயாளியின் நடையாகவும் காத்திருப்பாகவும் உருமாறிவிடுகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

இப்பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் முதியோருக்கான பொதுக் காப்பீட்டில் மருந்துப் பிரிவு 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் தூர வரையறை ஒன்று சேர்க்கப்பட்டது. நகரப் பயனாளிகளில் 90 சதவிகிதத்தினர் 2 மைலுக்குள்ளும், புறநகரில் 90 சதவிகிதத்தினர் 5 மைலுக்குள்ளும், கிராமங்களில் 70 சதவிகிதத்தினர் 15 மைலுக்குள்ளும் ஒரு மருந்துக்கடையை அடைய இயல வேண்டும். நிபந்தனைகளை ஏற்க முன்வரும் எந்தக் கடையையும் திட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதியாகும். எனினும் அரசுக்கும் கடைக்கும் இடையே நின்று மருந்துச் செலவை நிர்வகிக்கும் நிறுவனங்கள், விற்பனை முடிந்து பல மாதங்கள் கழித்துக் கட்டணங்களைத் திரும்பப் பிடித்தன. கொள்விலைக்கும் குறைவான தொகை கிடைப்பதாகச் சிறு கடைகள் முறையிட்டன. கொள்விலைக்குக் குறையாது தர வேண்டும் என்று ஆர்க்கன்சா மாநிலம் 2015இல் சட்டம் இயற்றியது. 2020 டிசம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. முதியோர் காப்பீட்டில் பின்னர் பிடிக்கப்படும் கழிவுகளை விற்பனையின்போதே விலையில் காட்ட வேண்டும் என்னும் விதி 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தூரத்தை வரையறுத்தால் மட்டும் போதாது, செலுத்தும் முறையையும் வரையறுக்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

ஜெர்மனியில் ஒரு மருந்தாளுநர் ஒரு முதன்மைக் கடையும் மூன்று கிளைகளும் மட்டுமே வைத்திருக்கலாம். விற்பனை விலையின் விகிதத்தை மட்டும் நம்பாமல், மருத்துவர் சீட்டுக்குரிய ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு நிலையான கட்டணம் அவருக்கு அளிக்கப்படுகிறது. ஆகவே விலையுயர்ந்த மருந்தை விற்கும் தூண்டுதல் குறைகிறது. ஆனால் 2013இல் 8.35 யூரோவாக நிர்ணயிக்கப்பட்ட அக்கட்டணம், செலவுகள் உயர்ந்தபோதும் பத்தாண்டுகளுக்கு மேலாக உயர்த்தப்படவில்லை. 2008இல் 21,600 அளவில் இருந்த கடைகள் 2024 இறுதியில் சுமார் 17,000 ஆகக் குறைந்தன. கடைகள் குறைந்ததற்கு ஆள் பற்றாக்குறை போன்ற பிற காரணங்களும் உண்டு. ஆயினும், நல்ல முறையைக்கூடக் காலந்தோறும் திருத்தியமைக்க வேண்டும் என்பது தெளிவாகிறது.

நமக்கு மிக அண்மையான எடுத்துக்காட்டு தாய்லாந்து. 2002இல் அனைவருக்கும் மருத்துவக் காப்பு அளித்த அந்நாடு, 2019 அக்டோபரில் ஒரு சோதனை முறையைத் தொடங்கியது. நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மனநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறும், நிலைமை சீராக உள்ள நோயாளிகள், பெரிய மருத்துவமனையில் காத்திராது அருகிலுள்ள கடையில் மருந்தைப் பெறலாம். மருத்துவமனை நெரிசலைக் குறைப்பதும் இதன் நோக்கமாக இருந்தது.

நம்மிடம் உள்ள அடித்தளம்

நம் நாட்டிலும் அடித்தளம் இல்லாமலில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவப்பட்டு, மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியே வழங்கும் முறையை உருவாக்கிற்று. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தேசிய சுகாதார இயக்கமும் மாநிலங்களின் இலவச மருந்துப் பணிக்கு உதவி வருகிறது.

2008 நவம்பரில் அமிர்தசரஸில் முதலாவது மக்கள் மருந்தகம் திறக்கப்பட்டது. வணிகப் பெயரற்ற மருந்துகளைக் குறைந்த விலையில் விற்கும் இம்மருந்தகங்களின் எண்ணிக்கை 2025 ஜனவரியில் 15,000ஐ எட்டியது. இதனை நடத்துவோருக்கு வரி நீங்கலாக விற்பனை விலையில் 20 சதவிகிதம் பங்காகக் கிடைக்கிறது. வடகிழக்கு மாநிலங்கள், இமயமலைப் பகுதிகள், தீவுகள், பின்தங்கிய மாவட்டங்கள் ஆகியவற்றில் திறப்போருக்குத் தளவாடங்களுக்கும் கணிப்பொறிக்குமாக ரூ. 2 லட்சம் தனி உதவித் தொகையும் உண்டு. எட்டாத இடத்துக்குக் கடை செல்ல வேண்டுமாயின் அதற்குரிய செலவை அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் கொள்கை இதில் ஏற்கப்பட்டிருக்கிறது.

இவை தனித்தனியே இயங்குகின்றன. இலவசக் கிடங்கில் மருந்து தீர்ந்தால் நோயாளி கடைக்குச் செல்லக் காப்பீட்டு அட்டை உதவுவதில்லை. அட்டை உதவும் இடமாகிய மருத்துவமனையோ அவரது வீட்டிலிருந்து தொலைவில் உள்ளது. இவற்றை இணைப்பதே அடுத்த பணி.

செய்யத்தக்கவை

முதலாவதாக, மருத்துவமனையில் ஏற்கப்பட்ட சிகிச்சையின் தொடர்ச்சியாக இன்றியமையாத சில மருந்துகளுக்கேனும் பதினைந்து நாள் வரம்பை நீட்டிக்கலாம். ஸ்டென்ட் பொருத்தியவருக்கு உறைதடுப்பு மாத்திரை, பக்கவாதம் கண்டவருக்கு இரத்த அழுத்த மாத்திரை என்று பட்டியல் சிறிதாகவே தொடங்கலாம். 384 மருந்துகளைக் கொண்ட 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தே இவற்றைத் தெரிந்தெடுக்க முடியும்.

இரண்டாவதாக, குறைந்த விலை கூறும் ஒரு கடையைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில், உரிமமும் மருந்தாளுநரும் உடைய, நிபந்தனைகளை ஏற்கும் எந்தக் கடைக்கும் இடமளிக்கலாம். நோயாளி தமக்கு வசதியான கடையைத் தேர்ந்துகொள்வார். மருந்து தர மறுக்கும் கடையை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் உரிமையே அவருக்குச் சிறந்த பாதுகாப்பாகும்.

மூன்றாவதாக, விலைச் சிக்கனத்தை அரசு கொள்முதலில் தேட வேண்டும். கடைக்காரரின் பங்கை நசுக்கித் தேடலாகாது. மொத்தக் கொள்முதலில் வாங்கிய மருந்தைக் கடைக்கு வழங்கி, ஒவ்வொரு சீட்டுக்கும் நிலையான வழங்கு கட்டணம் மட்டும் தரும் முறையைச் சில மாவட்டங்களில் சோதித்துப் பார்க்கலாம். இதில் கடைக்காரரின் முதலீடு முடங்காது. விலையுயர்ந்த மருந்தைத் தள்ளும் தூண்டுதலும் இராது.

நான்காவதாக, பட்டியல் சமர்ப்பித்த ஒரு மாதத்துக்குள் பணம் செலுத்துவதை விதியாக்கி, தாமதத்துக்கு வட்டி சேர்க்க வேண்டும். மேலே கண்ட கணக்கின்படி, இவ்வொரு சீர்திருத்தம் மட்டுமே சிறு கடையை நஷ்டத்திலிருந்து மீட்கப் போதுமானது.

ஐந்தாவதாக, பயனாளியின் வீட்டிலிருந்து கடைக்குள்ள தூரத்தை மாவட்டந்தோறும் அளந்து வெளியிட வேண்டும். சமவெளிக்கு ஒன்று, மலைப்பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் மற்றொன்று என வரையறைகள் அமையலாம். தனியார் கடை நிலைத்து நிற்க இயலாத இடத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இருப்பை வலுப்படுத்துவதே வழி.

செலவும் முறைகேடும் பற்றிய ஐயங்கள்

இவற்றுக்கு எதிராக இரண்டு வாதங்கள் எழுவது இயல்பு. செலவு கட்டுக்கடங்காது போகும் என்பது ஒன்று. பட்டியலைச் சிறிதாக வைத்து, வணிகப் பெயரற்ற மருந்துக்கு மட்டும் பணம் செலுத்தினால் செலவை முன்கூட்டியே மதிப்பிட இயலும். தவிர்க்கப்படும் மறு அனுமதிகளையும் கணக்கில் சேர்த்தே செலவைத் தீர்மானிக்க வேண்டும்.

நோயாளியே இல்லாத போலிச் சீட்டுகள் பெருகும் என்பது மற்றொரு வாதம். இந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும் தடுக்கும் கருவிகள் இன்று உள்ளன. மருத்துவமனையில் பதிவான சிகிச்சை இன்றிச் சீட்டு ஏற்கப்படாது என்று விதிக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல் குறிப்பிட்ட 300 மருந்துப் பெயர்களின் உறைகளில் கியூ.ஆர். குறி கட்டாயமாகியுள்ளது. இதனைப் படிப்படியாக விரிவாக்கி, விற்ற உறையின் குறியைப் பட்டியலுடன் ஒப்பிடலாம். சில கடைகள் செய்யக்கூடிய தவற்றுக்காக எல்லாக் கடைகளுக்கும் பணத்தைத் தாமதிப்பது நேர்மையான கடையை வெளியேற்றும். தவறு செய்பவர் தாமதத்தையும் தாங்கிக்கொள்வார்.

முடிவுரை

ஒரு மாவட்டத்தில் எத்தனை அட்டைகள் வழங்கப்பட்டன, எத்தனை அறுவைச் சிகிச்சைகளுக்குப் பணம் செலுத்தப்பட்டது என்னும் விவரங்கள் இன்று மேலிடத்துக்கு ஒழுங்காக அனுப்பப்படுகின்றன. அவற்றுடன் மேலும் மூன்று விவரங்கள் சேர வேண்டும். வீடு திரும்பிய நோயாளிகளில் எத்தனை பேர் மூன்றாம் மாதத்திலும் மருந்தை உட்கொள்கின்றனர்? அதனைப் பெற எவ்வளவு தூரம் செல்கின்றனர்? மருந்து தந்த கடைக்கு எத்தனை நாளில் பணம் சென்றது? இவற்றை அளக்கத் தொடங்கும் மாவட்டத்தில் குறைகள் எங்குள்ளன என்பது அதிகாரிகளுக்கு உடனே புலப்படும். பெருஞ்செலவில் காப்பாற்றப்பட்ட உயிர் சில ரூபாய் மாத்திரைக்கு வழியின்றி இழக்கப்படுவதைத் தடுப்பது காப்பீட்டின் கடமையே ஆகும்.